தேர்தலுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கில்மைக்கேல் என்ற சிற்றூர் இருக்கிறது. 2001இல் அங்கே உள்ளூர்த் தேர்தல் நடக்க வேண்டியிருந்தது. அதுவரை இல்லாத எண்ணிக்கையில் கறுப்பினத்தவர் போட்டியிட முன்வந்தார்கள். உடனே மேயரும் ஊர் மன்றத்தின் ஐந்து உறுப்பினர்களும், அந்த ஐவருமே வெள்ளையர், தேர்தலையே ரத்து செய்துவிட்டார்கள். மத்திய அரசின் நீதித் துறை குறுக்கிட்டுத் தேர்தலை நடத்த வைத்தது. அந்த ஊருக்கு முதல் கறுப்பின மேயர் கிடைத்தார். மூன்று கறுப்பின உறுப்பினர்களும் வென்றார்கள்.

குறுக்கிட வழி செய்தது, 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. பாகுபாடு ஊறிப்போன மாநிலங்கள் தேர்தல் விதியில் எதை மாற்றினாலும், ஒரு வாக்குச்சாவடியை இடம் மாற்றினால்கூட, முதலில் வாஷிங்டனில் அனுமதி பெற வேண்டியிருந்தது. அதனால் சிறுபான்மையினருக்குப் பாதகம் இல்லை என்று காட்டும் பொறுப்பு மாற்றுகிறவர்களுடையதாக இருந்தது. நான் வாழும் ஜார்ஜியா முழுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பினப் பெண் ஃபேனி லூ ஹேமரின் கதையைச் சொல்வேன். 1962 ஆகஸ்டில், பருத்தித் தோட்டத்தில் வேலை செய்துவந்த அவர், பதினேழு பேருடன் பஸ்ஸில் இண்டியனோலா சென்று வாக்காளராகப் பதிய விண்ணப்பித்தார். மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதிக்கு விளக்கம் எழுதச் சொல்லித் தேர்ச்சியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில், பஸ்ஸின் மஞ்சள் நிறம் அதிகமாக இருக்கிறதென்று ஓட்டுநருக்கு அபராதம். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து அன்றிரவே ஹேமர் வெளியேற நேர்ந்தது. வழக்குப் போட்டு ஒரு தடையை நீக்க ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் வேறொரு தடை முளைத்துவிடும். மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவரில் பதிவு பெற்றவர்கள் 1965க்கு முன் 6.7 சதவீதம்; 1967இல் 59.8 சதவீதம். சட்டத்துக்கு உண்மையான பலம் இருந்தால் இரண்டே ஆண்டுகளில் இது நடக்கிறது!

2013 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஷெல்பி கவுண்டி வழக்கில், எந்த மாநிலங்களுக்கு முன் அனுமதி தேவை என்று வகுத்த விதி காலாவதியானது என ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பட்டியலே போய்விட்டதால் ஐந்தாம் பிரிவு செயலிழந்தது. வட கரோலினா சட்டமன்றத்தினர், எந்த இனத்தார் எந்த வழிகளில் வாக்களிக்கிறார்கள் என்ற தரவைக் கேட்டுப் பெற்று, கறுப்பினத்தவர் அதிகம் பயன்படுத்திய வழிகளைச் சட்டம் போட்டுச் சுருக்கினார்கள். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஆனால் 2014 தேர்தல் முடிந்துபோயிருந்தது. நடந்து முடிந்த தேர்தலை எந்த நீதிபதி திருப்பித் தருவார்? எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

தேர்தல் நாட்களில் நான் வாக்குச்சாவடிப் பணிக்குச் செல்கிறேன். சாவடி மாறியது தெரியாமல், வேலைக்கு நடுவே ஓடி வருபவர்களைப் பார்க்கிறேன். என்னுடன் பணியாற்றும், எழுபதைக் கடந்த கறுப்பினப் பெண்மணி அவர்களில் ஒருவரையும் வெறுமனே திருப்பி அனுப்பமாட்டார். சரியான முகவரியை எழுதிக் கையில் கொடுத்து, எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்றும் சொல்லி அனுப்புவார். இந்தியர்களுக்குக் குடியேற்றக் கதவைத் திறந்த சட்டத்திலும் அதே 1965இல்தான் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். இவர் தலைமுறையினர் அடிபட்டுப் பெற்ற உரிமையின் நிழலில்தான் நானும் வாக்களிக்கிறேன்.

2006இல் வாக்குரிமைச் சட்டத்தைப் புதுப்பித்தபோது செனட்டில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. முன் அனுமதியை மீட்கும் மசோதா 2021இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. அதை மீண்டும் எடுங்கள் என்று எங்கள் செனட்டர்களுக்கு எழுதியிருக்கிறேன். இங்கே குடியுரிமை பெற்ற தமிழர்களே, நீங்களும் எழுதுங்கள்.