மஞ்சள் பூசினால் கேட்டர்பில்லர் ஆகாது

அமெரிக்க நெடுஞ்சாலை லாரிகளை 1/25 அளவில் செய்து வருகிறேன். பிளாஸ்டிக் கிட் வாங்கி, பாகங்களை வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசும் வேலை. முதல் இரண்டு லாரிகளில் என் கவனம் முழுவதும் வெளிப்பூச்சிலும் குரோமிலும் இருந்தது. மூன்றாவதாக 1970களின் பீட்டர்பில்ட் 359-ஐ எடுத்தபோதுதான் பானெட்டைத் திறந்து காட்டும்படி செய்ய ஆசை வந்தது. திறந்தால் உள்ளே இருப்பது சரியாக இருக்க வேண்டுமே.

கிட்டில் வந்த என்ஜின் கம்மின்ஸ் நிறுவனத்துடையது. எனக்கோ அந்த லாரியில் கேட்டர்பில்லர் (சுருக்கமாக 'கேட்') என்ஜின்தான் இருக்க வேண்டும். நீண்ட மூக்கு பீட்டர்பில்ட்டும் மஞ்சள் கேட் என்ஜினும் ஒன்றுக்காக ஒன்று பிறந்த ஜோடி என்று அந்த லாரிக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பித்து எனக்கும் ஏறியிருந்தது. கையிலிருந்த கம்மின்ஸுக்கு மஞ்சள் பூசினேன். நன்றாகவே வந்தது. படம் எடுத்து, இதே பொழுதுபோக்கில் என்னைவிட நீண்ட அனுபவம் உள்ள நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "ஹெட்டை எண்ணிப் பாருங்கள்."

எண்ணினேன். மூன்று. கம்மின்ஸின் 855 கன அங்குல என்ஜினில் ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும். ஆனால் அவற்றை மூடும் ஹெட் ஒன்றல்ல, மூன்று. இரண்டு சிலிண்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி தெரியும். கேட்டர்பில்லர் 3406-க்கோ முழு நீளத்துக்கும் ஒரே ஹெட். மஞ்சள் பூசினாலும் பச்சை பூசினாலும் அந்த மூன்று தலை காட்டிக்கொடுத்துவிடும். பூச்சைக் கரைப்பானில் ஊறவைத்துக் கழுவினேன். அன்றைக்கு வேலை அத்தோடு நின்றது.

கேட் என்ஜினைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிச் செய்வது என்று முடிவு செய்து, அளவுகளைத் தாளில் குறித்தபோது ஒரு வியப்பு. கம்மின்ஸ் 855-ன் சிலிண்டர் விட்டம் 5.5 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 6 அங்குலம். கேட் 3406-ன் விட்டம் 5.4, ஓட்டம் 6.5, மொத்தம் 893 கன அங்குலம். இதை 25-ஆல் வகுத்தால் விட்டத்தில் வரும் வேறுபாடு 0.1 மில்லிமீட்டர், ஓட்டத்தில் 0.5 மில்லிமீட்டர். நான் பூசும் வண்ணத்தின் கனம்கூட அந்த 0.1-ஐ விழுங்கிவிடும். இத்தனை நெருங்கிய இரண்டு என்ஜின்களுக்காகவா மனிதர்கள் ஆயுள் முழுவதும் கட்சி கட்டுகிறார்கள் என்று தோன்றியது. வேலை முன்னேற முன்னேற, கட்சி கட்டுவதற்கான காரணம் அந்த அளவுகளுக்கு வெளியே இருப்பது புரிந்தது.

அந்த லாரிகள் விற்கப்பட்ட விதம் அப்படி. பீட்டர்பில்ட்டும் கென்வொர்த்தும் அந்தக் காலத்தில் சொந்தமாக என்ஜின் செய்யவில்லை. சேஸிஸும் கேபினும் அவர்களுடையவை. என்ஜின் கம்மின்ஸா, கேட்டா, டெட்ராய்டா என்பதை வாங்குபவர் ஆர்டர் கொடுக்கும்போதே குறித்துவிடுவார். கியர்பாக்ஸும் பின் அச்சும்கூட அப்படித்தான். அதனால் சொந்த வண்டி ஓட்டுபவரிடம் என்ன லாரி என்று கேட்டால் 'கேட் போட்ட பீட்டர்பில்ட்' என்று இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் பதில் வரும். ஒரு பெயர் மட்டும் சொன்னால் பாதி லாரிதான் சொன்னதாக ஆகும். இத்தனைக்கும் கென்வொர்த்தை 1945-லும் பீட்டர்பில்ட்டை 1958-லும் வாங்கியது ஒரே நிறுவனம்; அதுதான் இன்றைய பேக்கார். ஒரே வீட்டுப் பிள்ளைகளின் ரசிகர்களுக்குள் இப்படி ஒரு பங்காளிச் சண்டை.

மறுபடியும் வேலை மேசைக்கு வருகிறேன். கேட் என்ஜினில் என்னை அதிக நாள் உட்கார வைத்தவை ஆறு குழாய்கள். பழைய 3406-ல் பக்கவாட்டில் ஒரு டீசல் பம்ப் உண்டு. அதிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எஃகுக் குழாய் தனித்தனியாகப் போகும். உயர் அழுத்த டீசல் அதன் வழியாகத்தான் போக வேண்டும். கம்மின்ஸில் இவை கிடையாது. அங்கே பம்ப் குறைந்த அழுத்தத்தில் டீசலை அனுப்பும். அழுத்தி உள்ளே பீய்ச்சும் வேலையை ஹெட்டில் இருக்கும் இன்ஜெக்டரை கேம்ஷாஃப்ட் தள்ளுவதன் மூலம் அங்கேயே முடித்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கம்மின்ஸின் பக்கம் மொட்டையாகத் தெரியும். கேட்டின் பக்கம் நரம்போடியதுபோல் இருக்கும்.

கால் அங்குலக் குழாய் என்று வைத்துக்கொண்டால் 1/25-ல் கால் மில்லிமீட்டர். பழைய மின்கம்பியின் உறையை உரித்து, உள்ளிருந்த செம்பு இழைகளில் சரியான கனமுள்ளதைத் தேர்ந்தேன். முதல் முயற்சியில் பம்ப்புக்கு அருகிலிருக்கும் சிலிண்டருக்குக் குட்டையாகவும் தூரத்தில் இருப்பதற்கு நீளமாகவும் வெட்டினேன். அது தவறு. இத்தகைய பம்ப்புகளில் எல்லாச் சிலிண்டருக்கும் டீசல் ஒரே கணக்கில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் குழாய்களைச் சம நீளத்தில் செய்வார்கள். அருகிலிருக்கும் குழாயில் மிஞ்சிய நீளத்தை வளைத்துத் தீர்ப்பார்கள். அந்த வளைவுகள் அழகுக்காக இருக்கின்றன என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தக்கைப் பலகையில் குண்டூசிகளை நட்டு, ஆறு இழைகளையும் சம நீளத்தில் வெட்டி, ஊசிகளைச் சுற்றி வளைத்தேன். நான்கு இழைகள் ஒடிந்தன. நெருப்பில் ஒரு முறை காட்டி ஆறவிட்ட செம்பு சொன்னபடி வளைந்தது. ஆறாவது குழாயை ஒட்டி முடித்துவிட்டுச் சாமணத்தைக் கீழே வைத்தபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் இப்போது யாரும் ஹெட்டை எண்ணத் தேவையில்லை.

கழுவிவைத்த கம்மின்ஸைத் தூக்கிப்போட மனமில்லை. அதற்கு ஒரு கென்வொர்த் டபிள்யூ900 வாங்கினேன். அந்தக் கால கம்மின்ஸுக்கு உரிய மங்கலான பழுப்பு வெள்ளையைப் பூசினேன்; பிற்காலத்தில்தான் அவர்கள் சிவப்புக்குப் போனார்கள். இந்த என்ஜின்மீது அதன் சொந்தக்காரர்களுக்கு இருக்கும் பிடிப்பு எங்கிருந்து வந்தது என்று மூன்று ஹெட்டையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டியபோது விளங்கியது. ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் ஒன்று போனால் அந்த இரண்டு சிலிண்டருக்குரிய ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். கேட்டில் அதே பழுதுக்கு முழு நீள இரும்பையும் தூக்க வேண்டும். அதற்குக் கப்பியும் சங்கிலியும் வேண்டும். வண்டி நின்றால் வருமானம் நிற்கும் மனிதனுக்கு இது சின்ன விஷயமா? என் கணிப்பில், என்ஜின் விசுவாசத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஓர் இரவில்தான் உருவாகிறது: எது நம்மைக் கைவிடவில்லை, எதை நம் கையாலேயே சரிசெய்ய முடிந்தது என்ற நினைவு. குதிரைத்திறன் பேச்செல்லாம் அதற்குப் பிறகு சேர்த்துக்கொள்வது.

கம்மின்ஸின் ஹெட்டுக்கு மேல் ஒரு தளம் கூடுதலாக வைத்தேன். அது ஜேக் பிரேக். இறக்கத்தில் என்ஜினையே காற்றழுத்தும் கருவியாக மாற்றி வண்டியின் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு. அதை உருவாக்கியவர் கம்மின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1931-ல் டீசல் லாரி ஒன்றில் நாட்டைக் குறுக்காகக் கடந்தபோது கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், கீழே குறுக்கே போய்க்கொண்டிருந்த ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார்கள். அந்தப் பயம் அவர் மனத்தில் முப்பது ஆண்டுகள் இருந்திருக்கிறது; ஜேக்கப்ஸ் நிறுவனம் அந்த பிரேக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1961-ல். ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் அந்தத் தளத்தை வெட்டும்போது இதுதான் நினைவில் ஓடியது. ஜேக் வைத்தபின் என்ஜின் உயரமாகி பானெட் மூடவில்லை. பானெட்டின் உட்புறத்தைத் தேய்த்துச் சரிசெய்தேன்.

டெட்ராய்ட் 8வி-71 என்ஜின் எனக்குப் பிடித்த வேலையாக அமைந்தது. பச்சை நிற இரண்டு ஸ்ட்ரோக் வி8, அதாவது எட்டுச் சிலிண்டர்கள் வி வடிவில் இரண்டு வரிசையாக நிற்பது. சிலிண்டருக்கு 71 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர், எட்டுக்கு 568. இரண்டு வரிசைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ஒரு பெரிய காற்றூதி உட்கார்ந்திருக்கும். அது ஊதினால்தான் இந்த என்ஜின் மூச்சுவிடும். அதன் வாயில் ஓர் அவசரத் தடுப்புத் தகடு உண்டு. என்ஜின் கட்டுமீறி ஓடினால் காற்றை அடைத்து நிறுத்துவதற்கு. அதையும் வெட்டி, திறந்து மூடும்படி வைத்தேன். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாச் சிலிண்டரும் வெடிப்பதால் நிமிடத்துக்கு 2100 சுற்றில் ஓடும்போது, சாதாரண நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் 4200 சுற்றில் ஓடுவதுபோலக் கத்தும். இதை ஓட்டப்போகும் டிரைவர் முதலில் தன் கையைக் கதவிடுக்கில் நசுக்கிக்கொள்ள வேண்டும், அந்தக் கோபத்தோடு ஓட்டினால்தான் இது ஒழுங்காக இழுக்கும் என்று அமெரிக்க டிரைவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. சுற்று குறைந்தால் இழுவை விழுந்துவிடும், இறுக்கிப் பிடித்தே ஓட்ட வேண்டும் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இதை ஒரு ஃப்ரைட்லைனரில் வைத்தேன். கேபின் என்ஜினுக்கு மேலேயே உட்காரும், மூக்கில்லாத வகை. லாரியின் மொத்த நீளத்துக்குச் சட்டம் வரம்பு வைத்திருந்த காலத்தில் கேபின் எவ்வளவு குட்டையோ அவ்வளவு சரக்கு. வி8 அகலமானாலும் நீளம் குறைவு. சேஸிஸ் சட்டங்களின் வெளி அகலம் 34 அங்குலம், என் அளவில் 34.5 மில்லிமீட்டர், அதற்கிடையில் என்ஜின் இறங்கி உட்கார்ந்தபோது முன்னும் பின்னும் தாராளமாக இடம் இருந்தது. 1982-ல் கூட்டாட்சிச் சட்டம் மாறி, டிரெய்லரின் நீளத்தை மட்டும் பார்க்கத் தொடங்கியபின் மூக்கு நீண்ட லாரிகளுக்கு வழி திறந்தது, மூக்கில்லாதவை மெல்ல மறைந்தன. ஃப்ரைட்லைனரும் டெட்ராய்ட்டும் பின்னாளில் டைம்லர் குழுமத்துக்குள் வந்துவிட்டன. வாங்குபவர் செய்துவைத்த கல்யாணத்தை நிறுவனமே தன் வீட்டில் வைத்து மறுபடி நடத்தியதுபோல.

இப்போது இந்தச் சேர்த்துவைக்கும் உரிமை குறைந்துகொண்டே வருகிறது. பேக்கார் 2010-ல் தன் சொந்த எம்எக்ஸ் என்ஜினை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. கேட்டர்பில்லர் 2010-ன் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கேற்ற சாலை என்ஜின்களைச் செய்யப் போவதில்லை என்று 2008-லேயே அறிவித்து விலகிவிட்டது. ஆனால் கேட் பிரியர்கள் விலகவில்லை. புதிய சேஸிஸும் கேபினும் வாங்கி அதில் பழைய என்ஜினைப் புதுப்பித்து வைப்பதற்கு அங்கே 'கிளைடர்' என்று பெயர். அவர்கள் தேடுவது வெறும் கேட் என்ஜின்கூட இல்லை. வரிசை எண்ணின் முதல் மூன்று எழுத்து 6என்இசட் என்று இருக்கும் ஒற்றை டர்போ வைத்த சி15 என்ற கேட் என்ஜின்தான் வேண்டும் என்பார்கள். விசுவாசம் மூன்று எழுத்துக்குள் போய் நிற்பதை நினைத்து, என் அடுத்த பீட்டர்பில்ட்டின் என்ஜினில் அந்த எழுத்துகளோடு ஒரு பெயர்ப்பலகையும் ஒட்டப் போகிறேன். கண்ணாடி வைத்தால்தான் தெரியும். தெரிந்தால் போதும்.

கடைசியாக மேக். இந்த நிறுவனத்தின் வழியே வேறு: என்ஜின், கியர்பாக்ஸ், அச்சு எல்லாவற்றையும் தானே செய்யும். வேறு என்ஜின் கேட்பவருக்கும் வைத்துக் கொடுத்தது. பானெட்டின் உச்சியில் நிற்கும் புல்டாக் நாய்தான் அடையாளம்; மேக்கின் பொறியாளர் ஆல்ஃபிரட் மேஸுரி வடித்த அந்த உருவத்துக்கு 1932-ல் காப்புரிமை கிடைத்தது. நாய் தங்க நிறமென்றால் உள்ளே ஓடுவதெல்லாம் மேக்கின் சொந்தச் சரக்கு. வெள்ளி நிறமென்றால் வெளியார் பொருள் ஏதோ கலந்திருக்கிறது.

இது தெரியாமல் என் மேக்கில் மிச்சமிருந்த இன்னொரு கம்மின்ஸை வைத்துவிட்டு, நாய்க்குத் தங்கம் பூசியிருந்தேன். ஏழு மில்லிமீட்டர்கூட இல்லாத நாய். காதின் ஓரம்வரை பிசிறில்லாமல் வந்திருந்தது. என்ஜினை மாற்றுவதா, நாயை மாற்றுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மேக்குக்கு ஏற்ற என்ஜினைத் தகட்டில் செய்ய இன்னும் இரண்டு மாதம் பிடிக்கும். அது காரணமில்லை. மேக்கின் சேஸிஸை நம்பி, கம்மின்ஸைக் கையறிந்து, இரண்டையும் சேர்த்து ஆர்டர் கொடுத்தவர்கள் இருந்தார்கள். என் லாரி அப்படி ஒருவருடையதாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். நேற்று இரவு தங்கத்தைச் சுரண்டியெடுத்தேன். இன்று காலை வெள்ளியின் இரண்டாம் பூச்சு காய்ந்துவிட்டது. பானெட்டில் நாயை ஒட்டிவிட்டேன்.