திரும்புவது வேறு, அடங்குவது வேறு

நிலைத்தன்மை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கிண்ணத்துக்குள் கிடக்கும் கோலிக்குண்டுதான். நகர்த்தினால் நடுவை நோக்கித் திரும்புகிறது, ஆகவே அது நிலையானது என்பதோடு பாடம் முடிந்துவிடும். திரும்பத் தொடங்கிய குண்டு அதன்பின் என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. விலகியதைத் திருப்பி இழுக்க ஒரு விசை உண்டா என்று மட்டும் பார்ப்பது நிலையியல் நிலைத்தன்மை. நேரம் செல்லச் செல்ல அந்த விலகல் தேய்கிறதா, நீடிக்கிறதா, பெருகுகிறதா என்று பார்ப்பது இயங்கியல் நிலைத்தன்மை. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம்.

பால்சா மரத்தில் செய்த சிறு கிளைடரை, அது சீராக மிதக்கும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதல் வேகத்தில் வீசிப் பாருங்கள். மூக்கை உயர்த்தி ஏறும். ஏற ஏற வேகம் குறையும். வேகம் குறைந்ததும் தூக்குவிசை போதாமல் மூக்கு தாழும். இறங்குகையில் வேகம் பிடித்து மறுபடியும் ஏறும். இந்த அலைவுக்கு ஃபியூகாய்டு என்று பெயரிட்டவர் ஆங்கிலேயப் பொறியாளர் லான்செஸ்டர். அலைவு நேரம் பெரும்பாலும் வேகத்தையே பொறுத்தது: நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 45 நொடி ஆகும். அதைத் தணிப்பது காற்றுத் தடை. எனவே, தடையைக் குறைத்து எவ்வளவு நேர்த்தியாக ஒரு விமானத்தை வடிவமைக்கிறோமோ, அவ்வளவுக்கு அதன் ஃபியூகாய்டு அடங்கத் தாமதமாகிறது. இவ்வளவு மெதுவான அசைவை விமானி, மூக்கை ஏற்றி இறக்கும் வால் சுக்கானால் எளிதாகச் சரிசெய்துவிடுவார்.

அந்தச் சுக்கானே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் யுனைடெட் 232 பயணிகள் விமானம் காட்டியது. டென்வரிலிருந்து சிகாகோ சென்றுகொண்டிருந்த அந்த மூன்று எஞ்சின் டிசி-10இன் வால் எஞ்சினில் விசிறித் தட்டு சிதறி, சுக்கான்களை எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. விமானத்தின் நிலையியல் நிலைத்தன்மை அப்போதும் போகவில்லை. வேகம் குறைந்தால் மூக்கு தாழ்ந்தது, கூடினால் உயர்ந்தது. ஆனால் அந்தத் திருப்பமே அடங்காத ஃபியூகாய்டாகத் தொடர்ந்தது. கேப்டன் ஆல் ஹேய்ன்ஸ் உள்ளிட்ட மூவர் குழுவும், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னி ஃபிட்சும் மிஞ்சிய இரு எஞ்சின்களின் த்ராட்டில்களை, அதாவது விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிகளைக் கொண்டே அதனோடு போராடினார்கள். மூக்கு தாழ்ந்து வேகம் ஏறும்போது விசையைக் கூட்ட வேண்டும், மூக்கு உயர்ந்து வேகம் குறையும்போது விசையைக் குறைக்க வேண்டும். இரண்டுமே விமானியின் இயல்பான உந்துதலுக்கு நேர் எதிரானவை. 44 நிமிடப் போராட்டத்துக்குப் பின் சூ சிட்டி ஓடுதளத்தை நெருங்கியபோது, தரைக்குச் சுமார் 100 அடி மேலே மூக்கு மீண்டும் தாழ்ந்தது, வலது இறக்கையும் சரிந்தது. 296 பேரில் 112 பேர் இறந்தனர். 184 பேர் பிழைத்தது அந்த நால்வரின் திறமையால் என்றே நான் நம்புகிறேன்.

மனிதக் கையால் அடக்க முடியாத அந்த அலைவைக் கணினி அடக்கும் என்பதை நாசா பின்னர் மெய்ப்பித்தது. 1995 ஆகஸ்டில், எஞ்சின் விசையை மட்டுமே கணினி வழியாகக் கட்டுப்படுத்தி ஓர் எம்டி-11 விமானத்தை எட்வர்ட்ஸ் தளத்தில் பத்திரமாக இறக்கினார்கள். அந்த முறை பயணிகள் விமானங்களில் வழக்கத்துக்கு வராமல் போனது எனக்கு இன்றும் ஆற்றாமையாகவே இருக்கிறது.