நம்ம நிறத்துக்கு எந்த லேசர்?

லேசரில் முடி எடுக்க எவ்வளவு ஆகும் என்று எனக்கு மெசேஜ் அனுப்புகிற தங்கச்சிகள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். விலையை அப்புறம் பேசலாம். அங்கே என்ன மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்களா?

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். எங்கள் வீட்டில் எல்லாரும் கறுப்பு. அப்பாருவின் நிறத்தை அப்படியே வாங்கி வந்த நான் இன்னும் ஒரு ஷேடு கூடுதல். சினைப்பை நீர்க்கட்டி தயவில் தாடையில் முடி வேறு. வருஷக்கணக்காக த்ரெடிங் செய்து, பிடுங்கிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்த பிறகுதான் லேசர் பக்கம் யோசனை போனது.

லேசர் தேடிப் போவது முடியை அல்ல, கறுப்பை. முடியில் இருக்கும் மெலனின் என்ற கறுப்பு நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூடு வேர்க்காலைச் சுடுகிறது. அலைநீளத்தையும் ஒளி பாயும் நேரத்தையும் சரியாக வைத்தால், சுற்றியிருப்பதை விட்டுவிட்டு இலக்கை மட்டும் சுடலாம் என்று 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். முடி எடுக்கும் இன்றைய லேசர் மெஷின்கள் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி என்றால் கணக்கு சுலபம். நமக்கு மேல்தோலிலேயே மெலனின் நிறைய. முடிக்குப் போக வேண்டிய சூட்டைத் தோல் வாங்கிக்கொண்டால் கொப்புளம், அப்புறம் மாதக்கணக்கில் போகாத கருந்திட்டு. சிலருக்கு வெள்ளைத் திட்டும் விழும்.

அதனால்தான் அலைநீளம் முக்கியம். முடி எடுக்கும் லேசர்களில் அலெக்சாண்ட்ரைட் 755 நானோமீட்டர், டயோடு பெரும்பாலும் 800லிருந்து 810, என்டி யாக் 1064. இந்த வரிசையில் எண் ஏற ஏற மெலனின் உறிஞ்சுவது குறையும், ஒளி மேல்தோலைத் தாண்டி ஆழமாக இறங்கும். தோல் மருத்துவர்கள் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வெயிலில் தோல் எவ்வளவு எரிகிறது, எவ்வளவு கறுக்கிறது என்பதை வைத்து 1 முதல் 6 வரை பிரிப்பார்கள். மாநிறம் பெரும்பாலும் 4, 5இல் வரும். என்னை டாக்டர் 5 என்று எழுதினார். இந்த 5, 6 நிறங்களுக்கு முதலில் நினைக்க வேண்டியது 1064, அதாவது என்டி யாக் தான். டயோடிலும் நம் ஆட்களுக்குச் செய்கிறார்கள், தப்பில்லை. ஆனால் ஒளியை நீட்டி மெதுவாகக் கொடுத்து, தோலைக் குளிரவைத்துக்கொண்டே செய்யத் தெரிந்த கை வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. "எங்ககிட்டயும் என்டி யாக் இருக்குங்க" என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். விசாரித்தால் அது பச்சை குத்தினதை அழிக்கிற க்யூ ஸ்விட்ச் மெஷின். அதே 1064 தான், ஆனால் ஒளி நானோ வினாடியில் பாய்ந்துவிடும். முடி வேரைச் சுட மில்லி வினாடிக் கணக்கில் பாய வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய பெயர் 'லாங் பல்ஸ்' என்டி யாக்.

என் சித்தி மகள் போன இடம் ஒரு பார்லர். வெளியே லேசர் என்று போர்டு, உள்ளே இருந்தது ஐபிஎல். அது லேசரே இல்லை, பல அலைநீளம் கலந்த விளக்கு. தோலின் மெலனின் அதிகம் உறிஞ்சும் குறைந்த அலைநீளங்களும் அதில் வரும், நம் நிறத்துக்கு ஆபத்து கூடுதல். "எல்லா ஸ்கின்னுக்கும் சேஃப்" என்று சொல்லி முதல் சிட்டிங்கிலேயே முழு முகத்துக்கும் அடித்துவிட்டார்கள். இரண்டு கன்னத்திலும் ஹேண்ட்பீஸின் நீள்சதுர அச்சு அப்படியே கறுத்து நின்றது. கல்யாண ஆல்பத்தில் அதை மறைக்க எவ்வளவு மேக்கப் என்று கேட்காதீர்கள். வீட்டில் வைத்துச் செய்துகொள்ளும் சின்ன மெஷின்கள் பலவும் ஐபிஎல் தான். அட்டைப்பெட்டியிலேயே நிற அட்டவணை இருக்கும், கடைசிக் கறுப்புக் கட்டங்களுக்குப் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். ஆன்லைனில் ஆர்டர் போடும் அவசரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்?

எங்கள் தொழிலில் லேப் டிப், அதாவது சின்னத் துணியில் சாயம் போட்டுக் காட்டும் சாம்பிள், அப்ரூவல் வராமல் எந்தச் சாயப்பட்டறையும் மொத்தத் துணிக்கு பல்க் போடாது. முகத்துக்கு மட்டும் ஏன் நேராக பல்க்? காதுக்குக் கீழே சின்னதாக ஒரு இடத்தில் டெஸ்ட் ஷாட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புத் தோலில் விளைவு தாமதமாகவும் தெரியும், அன்றைக்கே "ஒண்ணும் ஆகலைங்க" என்று தொடர விடாதீர்கள். எனக்குக் கோயம்புத்தூரில் செய்த டாக்டர் டெஸ்ட் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார். அவிநாசி ரோட்டு டிராஃபிக்கில் இதற்காக இன்னொரு தடவை வரணுமா என்று கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒன்றிலேயே அவர் மேல் நம்பிக்கை வந்தது.

டாக்டர் என்றால் எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் மருத்துவர். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று மட்டும் போர்டு இருந்தால் என்ன படித்தார் என்று கேளுங்கள், கோபித்துக்கொண்டால் கிளம்பி வந்துவிடுங்கள். உங்களுக்கும் கண்ணை மூடும் கவசம் கொடுக்கிறார்களா பாருங்கள். 1064 கண்ணுக்குத் தெரியாத ஒளி, விழித்திரையைச் சுட்டுவிடும். புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் லேசர் வேண்டவே வேண்டாம்.

வலிக்குமா? மற்ற லேசரைவிட என்டி யாக் கொஞ்சம் கூடவே வலிக்கும். பூனை முடிக்கு அவ்வளவாக வேலை செய்யாது. முகத்தில், அதுவும் ஹார்மோன் கோளாறு இருப்பவர்களுக்கு, லேசர் பட்ட பிறகு முடி கூடுதலாக வளர்வதும் உண்டு. அதனால் மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீர்க்கட்டியைக் கவனிக்காமல் லேசருக்குக் கொட்டும் பணம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர். நிரந்தரமாக ஒழிப்போம் என்று எவராவது சொன்னாலும் நம்பாதீர்கள். மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.கூட 'நிரந்தரக் குறைப்பு' என்று சொல்லத்தான் அனுமதிக்கிறது.

வளரும் பருவத்தில் இருக்கும் முடிதான் லேசருக்கு மாட்டும். அதனால் முகத்துக்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்று ஆறு, எட்டு சிட்டிங் ஆகும். தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழியில் ஓடிவந்து பயனில்லை, வைகாசியிலேயே தொடங்க வேண்டும். இடையில் த்ரெடிங், வேக்ஸிங் கூடாது. வேரே இல்லாவிட்டால் லேசர் எதைச் சுடும்? ஷேவ் செய்யலாம். ஷேவ் செய்தால் அடர்த்தியாக வளரும் என்பது சும்மா பேச்சு. வெயிலில் கறுத்த முகத்தோடு போகாதீர்கள், சன்ஸ்கிரீன் தினமும் வேண்டும். மஞ்சளும் பூசிக்கொண்டு போகக் கூடாது, தோலின் நிஜ நிறம் டாக்டர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்கள் அம்மாவுக்கு இதில்தான் மனத்தாங்கல். ஈரோட்டு மஞ்சளை வேண்டாம் என்று சொல்கிற டாக்டர் என்ன டாக்டர் என்று இன்னும் கேட்கிறார்.

போன வாரம் அம்மாவே மெதுவாக, "ஏஞ் சாமி, எனக்குத் தாடையில ரெண்டு வெள்ளை முடி இருக்குதே, அதுக்கு உன்ற லேசர் ஆகுமா?" என்றார். வெள்ளை முடியில் மெலனின் இல்லை, லேசர் பிடிக்காது, ஒவ்வொரு வேராக ஊசி விட்டு மின்சாரத்தால் சுடும் எலக்ட்ராலிசிஸ்தான் வழி என்று சொன்னேன். ஊசி என்றதும் கத்தரிக்கோலைத் தேடப் போய்விட்டார்.