இடுப்பு வலி என்றால் எந்த வலி?

கர்ப்பிணி ஒருவர் "இடுப்பு வலிக்குது" என்றால், எந்த இடம் என்று கேட்காமல் யாரும் கைவைக்கக் கூடாது. தமிழில் கீழ்முதுகும் இடுப்பு, பிட்டத்தின் மேல்பக்கமும் இடுப்பு, தொடை தொடங்கும் இடமும் இடுப்பு. பிரசவ வலியே இடுப்பு வலிதான். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டரிடம் போகுமுன் ஒற்றை விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

விரல் பாவாடை நாடா கட்டும் கோட்டிலோ அதற்கு மேலோ, முதுகெலும்பை ஒட்டி நின்றால் அது கீழ்முதுகு வலி. குனியும்போதும் ஒரே இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்தாலும் கூடும். பிட்டத்துக்குச் சற்று மேலே இரண்டு சிறு குழிகள் தெரியுமே, அங்கே நின்றால் முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோ இலியாக் மூட்டு. முன்பக்கம், அடிவயிற்றின் கீழ் முனையில் தட்டுப்படும் எலும்பில் நின்றால், இரு இடுப்பெலும்புகளும் முன்னால் சேரும் சிம்பைசிஸ் மூட்டு. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் இடுப்பு வளைய வலி என்கிறோம். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. படுக்கையில் புரளும்போது, படி ஏறும்போது, ஒற்றைக் காலில் நின்று உடுத்தும்போது சுருக்கென்று பிடிக்கும். விட்டுவிட்டு ஒரே இடைவெளியில் வந்து போகும் வலி நான்காவது வகை. 37 வாரத்துக்கு முன் அப்படி வந்தால் கைரோபிராக்டரை மறந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ரிலாக்ஸின் ஹார்மோன் மூட்டுகளைத் தளர்த்துவதால்தான் வலி என்று எங்கும் எழுதியிருக்கும். அது முழு விளக்கம் ஆகாது. ரத்தத்தில் அந்த ஹார்மோன் அதிகம் இருப்பவருக்கு வலியும் அதிகம் என்று உறுதியாகவில்லை. சிம்பைசிஸ் மூட்டின் இடைவெளி வழக்கமாக 4 முதல் 5 மில்லிமீட்டர். கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. அப்படிக் கூடியும் வலியே இல்லாதவர்கள் உண்டு. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் விலகல் என்ற பேச்சு எழும். ஆகவே "எலும்பு நகர்ந்துவிட்டது, தட்டிச் சேர்க்கிறேன்" என்பவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். சிகிச்சையின்போது கேட்கும் 'டக்' சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது. எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் அல்ல. கையால் செய்யும் இந்தச் சிகிச்சை நன்றாக அமைந்தால் தசை இறுக்கம் குறையும், வலி சில நாள் தணியும், அந்த இடைவெளியில் நீங்கள் உடற்பயிற்சி செய்ய முடியும். அதுவே பெரிய உதவிதான்.

முதல் சந்திப்பில் நேரத்தின் பெரும்பகுதி கேள்விகளுக்கே போக வேண்டும்: எத்தனை வாரம், நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, ரத்தப்போக்கு உண்டா, ரத்த அழுத்தம் எவ்வளவு. அடுத்து சோதனை. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்காமல் 20 சென்டிமீட்டர் தூக்கச் சொல்வார்கள். கால் கனத்து, இருபுற இடுப்பெலும்பையும் கைகளால் நெருக்கிப் பிடித்தவுடன் லேசானால், இடுப்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட் உதவும் என்பதற்கு அது நல்ல அறிகுறி. இதற்கு எக்ஸ்ரே தேவையில்லை. எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

20 வாரத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றும். வலது இடுப்புக்கு அடியில் தலையணை வைத்துச் சாய்க்க வேண்டும், அல்லது ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கவிழ்த்துப் படுக்கவைப்பதானால் வயிற்றுக்கு இடம்விட்ட மெத்தை வேண்டும். மெதுவான அசைவுகள், இடுப்புக்கடியில் ஆப்பு வடிவத் திண்டு, சற்றே கீழிறங்கும் பலகை கொண்ட மேசை ஆகியவை போதும். இடுப்பை ஒருபுறமும் தோளை மறுபுறமும் முறுக்கி வேகமாகத் தள்ளுவது வேண்டாம். கழுத்தைத் திருகுவது வேண்டவே வேண்டாம். கழுத்து ரத்தக்குழாய் கிழிவது அரிது, ஆனால் நேர்ந்தால் பக்கவாதம் வரை போகலாம். சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் லேசாக வலிக்கலாம்.

இந்தச் சிகிச்சைக்குக் கர்ப்பிணிகளிடம் உள்ள ஆதாரம் குறைவு, ஆய்வுகள் சிறியவை. அதனால் நான் சொல்வது நான்கு சந்திப்பு. அதற்குள் படுக்கையில் புரள்வது எளிதாகவில்லை என்றால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிக்குப் போங்கள். முன்பணம் கட்டச் சொல்லும் 20, 30 சந்திப்புத் திட்டம் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெப்ஸ்டர் முறை என்ற கைரோபிராக்டிக் உத்தி, வயிற்றுக்குள் தலை மேலே இருக்கும் குழந்தையைத் திருப்பிவிடும் என்பதும் நிரூபிக்கப்படவில்லை. அதற்கு 36, 37 வாரத்தில் மகப்பேறு மருத்துவர் வெளியிலிருந்து கையால் திருப்பும் முறை இருக்கிறது.

வீட்டில் செய்வதுதான் அதிக பலன் தரும். புரளும்போது இரண்டு முழங்கால்களையும் மடக்கி ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பட்டும். தூங்கும்போது தலையணை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீள வேண்டும். முழங்காலுக்கு மட்டும் வைத்தால் பாதம் கீழே தொங்கி இடுப்பு முறுக்கும். உட்கார்ந்து உடுத்துங்கள். படியில் ஒவ்வொன்றாக, ஏறும்போது வலியில்லாத கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். பெல்ட்டை வயிற்றுக்கு மேல் கட்டிவிட்டுப் பயனில்லை என்பவர்கள் ஏராளம். அது தொடை மூட்டுக்குச் சற்று மேலே, தாழ்வாக, உள்ளே ஒரு விரல் நுழையும் இறுக்கத்தில் இருக்க வேண்டும். நடக்கும்போது மட்டும் போடுங்கள். முழங்கால்களுக்கு இடையே மடித்த துண்டை வைத்து 5 விநாடி மெல்ல அழுத்தி விடுவது, 10 முறை, நாளுக்கு இருவேளை. முன்பக்கம் வலி கூடினால் விட்டுவிடலாம். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், முக்கியமாக 20 வாரத்துக்குப் பிறகு.

ரத்தப்போக்கு, நீர் கசிவு, காய்ச்சலோடு விலாப்பக்க வலி, கடும் தலைவலியோடு பார்வை மங்கல், ஒரே கால் மட்டும் வீங்குவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமை, குழந்தை அசைவு குறைவது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை.

முன்பக்க மூட்டு வலி உள்ளவர்கள் பிரசவத்துக்கு முன் ஒரு அளவை எடுத்து வையுங்கள். முழங்காலை மடக்கிச் சாய்ந்து படுத்து, வலி தொடங்கும்வரை மட்டும் கால்களை விரித்து, முழங்கால்களுக்கு நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று டேப்பால் அளந்து கோப்பில் எழுதச் சொல்லுங்கள். பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போட்டபின் உங்களுக்கு வலி தெரியாது. அந்த அளவைத் தாண்டிக் காலை விரிக்காமல் பார்த்துக்கொள்ள அருகில் நிற்பவருக்கு அந்த எண் வேண்டும்.