திங்கட்கிழமை வாங்க

அக்காவிடம் நான் சொன்னது இவ்வளவுதான். "இன்னைக்கு ஒண்ணும் வராதுக்கா. திங்கட்கிழமை வாங்க."

2009 மே 16, சனிக்கிழமை, வாக்கு எண்ணிக்கை நாள். எங்கள் பிரவுசிங் சென்டரில் ஏழு சிஸ்டம். முதல் சிஸ்டத்தில் மட்டும்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும், மற்றதிலெல்லாம் கட்டம் கட்டமாக வரும். அதனால் அக்கா எப்போதும் முதல் சிஸ்டம்தான் கேட்பார். கீழ்ப்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமிலிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வருவார். அவர் தம்பி இலங்கையில், சண்டை நடந்த முள்ளிவாய்க்கால் பக்கம் மாட்டியிருந்தான். வவுனியாவுக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர்களை யாராவது எங்காவது போட்டிருக்கிறார்களா என்று மூன்று வாரமாகத் தேடினார். மவுஸ் பிடிக்க வராது. நான்தான் பக்கத்தில் நின்று நகர்த்துவேன். "இன்னும் கொஞ்சம் கீழ போங்கோ தம்பி" என்பார்.

அன்று ஏழு சிஸ்டமும் நிரம்பியிருந்தது. புதுச்சேரி காங்கிரஸ் வேட்பாளர் நாராயணசாமி எவ்வளவு லீடிங் என்று பார்க்கக் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். முதலாளிக்குத் தெரிந்தவர்கள். ஐந்தாவது சிஸ்டத்தில் மூன்று பையன்கள் ஐபிஎல் புள்ளிப் பட்டியலை வைத்துக்கொண்டு அரையிறுதிக்கு யார் போவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தேர்தலுக்காக ஆட்டத்தையே தென்னாப்பிரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போன வருடம் அது. அந்தப் பையன்களை எழுப்பியிருக்கலாம். அவர்களுக்குத் தமிழ் எழுத்தே தேவையில்லை.

ஆனால் பையன்கள் சண்டைக்கு வருவார்கள். அக்கா வரமாட்டார்.

"திங்களோ? சரி தம்பி" என்று எழுந்தார். ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய் கொடுத்திருந்தார். பாதி நேரம்கூட ஆகவில்லை என்று 10 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

நான் சொன்னது பொய்யும் இல்லை. மே 9க்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்கூட அங்கே போய்க் காயம்பட்டவர்களை ஏற்ற முடியவில்லை. வெளிப் பத்திரிகைக்காரர்கள் யாரையும் சண்டை நடக்கும் இடத்துக்கு விடவில்லை. அப்புறம் பட்டியல் எங்கிருந்து வரும்? ஆனால் இதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அன்றைக்கு "வராது" என்று சொன்னபோது எனக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

கட்சிக்காரர்களும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள், நகத்தைக் கடித்துக்கொண்டு. அவர்களுக்கு இத்தனை சுற்று முடிந்தது, இத்தனை பாக்கி என்று தெரியும். பையன்களுக்கு எத்தனை ஆட்டம் மிச்சம் என்று தெரியும். அக்கா ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் பண்ணச் சொல்வார். அது எத்தனையாவது சுற்று என்று அவரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, துப்பாக்கிகளை மௌனமாக்குவதாகப் புலிகள் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமை, மே 18, எதிரே டீக்கடை டிவியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று காட்டினார்கள். அக்கா வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. அன்று முழுக்க முதல் சிஸ்டத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். வைத்திருந்தது உண்மைதான். திங்கட்கிழமைகளில் நான்கு சிஸ்டத்துக்கு மேல் நிரம்பாது என்பதும் உண்மைதான்.

அந்த வாரக் கடைசியில், 23ஆம் தேதி, சென்னை அரையிறுதியில் பெங்களூருவிடம் தோற்றது. அதற்காக ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். அது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

முகாமுக்கே ஒருநாள் போய்ப் பார்த்திருக்கலாம். போய் என்ன கேட்பது? ஒருவேளை தம்பியிடமிருந்து போன் வந்திருக்கலாம், அதனால்தான் வரவில்லையோ என்னவோ. இப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது என்பதும் தெரிகிறது.

ரிஜிஸ்டரில் வெளியே போகும் நேரத்தை வாடிக்கையாளர்தான் எழுத வேண்டும். அன்று அக்கா எழுதவில்லை. சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது நானே 11.25 என்று போட்டேன். கடிகாரத்தைப் பார்த்து எழுதியதில்லை.