நானாகத்தான் இருக்கும்

"அந்த சாக்ஸஃபோன் நீங்கள்தானே?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. "யார் வாசித்தது என்று ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்க வேண்டும். பழைய இசைத்தட்டுகளில் யார் என்ன வாசித்தார்கள் என்று தேடி எழுதும் இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் அது. பெயரை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது, பாட்டைக்கூட முதலில் போட்டுக் காட்டக் கூடாது, அவராகப் பேசும்வரை சும்மா இருக்க வேண்டும். தெரியும். தெரிந்தும் பாட்டைப் போட்டேன், பெயரையும் எடுத்துக் கொடுத்தேன்.

போனின் மறுமுனையில் கொஞ்ச நேரம் அந்த வயதான சாக்ஸஃபோன்காரரின் குரலே இல்லை, அவர் வீட்டு டிவியில் யாரோ கைதட்டுவது மட்டும் கேட்டது. அப்புறம் "நானாகத்தான் இருக்கும்" என்றார். சொன்னது ஆங்கிலத்தில்தான், ஆனால் அந்தத் தொனிக்கு இதைவிடச் சரியான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. "வேறு யார், நான்தான்" என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம், "இருந்தாலும் இருக்கும்" என்றும் எடுத்துக்கொள்ளலாம். முழுப் பேச்சும் பதிவில் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை ஓடவிட்டிருப்பேன் என்று கணக்கில்லை. காலையில் கேட்டால் ஒரு மாதிரி இருக்கிறது, ராத்திரி கேட்டால் வேறு மாதிரி.

50களின் கடைசியில் நியூ ஆர்லியன்ஸில் பதிவான, கொஞ்ச நாளே உயிரோடு இருந்த ஒரு சின்ன கம்பெனியின் இசைத்தட்டு அது. இரண்டு குடும்பங்கள் சம்பந்தப்பட்டிருப்பதால் பாட்டின் பெயர் வேண்டாம். நாங்கள் அதை மறுவெளியீடு செய்துகொண்டிருந்தோம், புக்லெட்டில் யார் யார் என்ன வாசித்தார்கள் என்ற பட்டியல் என் பொறுப்பு.

தட்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. 1951இல் மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸ் பதிவு செய்த 'ராக்கெட் 88' தட்டில் ஜாக்கி பிரென்ஸ்டனும் அவருடைய டெல்டா கேட்ஸும் என்று போட்டிருக்கும். அப்படி ஒரு குழுவே கிடையாது, வாசித்தது ஐக் டர்னரின் கிங்ஸ் ஆஃப் ரிதம், பியானோ டர்னரே. பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்' கிட்டார் சோலோவை இன்றும் உலகமே அடையாளம் கண்டுகொள்கிறது. அதை வாசித்த டேனி செட்ரோன் ஹேலி குழுவின் நிரந்தர ஆள்கூட இல்லை. 1954 ஏப்ரலில் கூலிக்கு வந்து வாசித்தார், ஜூனில் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்துபோனார், அடுத்த வருஷம் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தபோது அவர் இல்லை. லேபிளில் பக்கவாத்தியக்காரர் பெயரைப் போடும் வழக்கமே அப்போது இல்லை. போடவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை.

நியூ ஆர்லியன்ஸ் என்றால் இன்னொரு தொந்தரவு. காசிமோ மட்டாசாவின் ஸ்டுடியோவில் அதே பத்துப் பன்னிரண்டு பேர்தான் பாடகர் ஃபேட்ஸ் டாமினோவுக்கும் வாசித்தார்கள், பாடகர் லிட்டில் ரிச்சர்டுக்கும் வாசித்தார்கள். அதனால் அந்த ஊர்த் தட்டில் டெனர் சாக்ஸ் (சாக்ஸஃபோனில் ஒரு வகை) கேட்டாலே லீ ஆலன் என்று எழுதிவிடும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. டாமினோவின் 'எய்ன்ட் தட் எ ஷேம்' சோலோ ஹெர்ப் ஹார்டெஸ்டியுடையது, ஆனால் ஹார்டெஸ்டியைவிட ஆலன் பெயர்தான் எல்லோர் வாயிலும் சட்டென்று வரும். பிரபலமான பெயர் பக்கத்திலிருக்கும் பெயரை விழுங்கிவிடும். இதற்கெல்லாம் கோபப்பட்டுத்தான் நான் இந்த வேலையிலேயே இருக்கிறேன்.

எங்கள் பாட்டில் இருப்பது ஆலன் இல்லை, அது எனக்கு நிச்சயம். ஆலனிடம் இருக்கும் அந்தத் தடித்த, ஆளை முன்னே தள்ளும் தொனி இதில் இல்லை. சோலோவின் மூன்றாவது பாரில், அதாவது மூன்றாவது தாளக் கட்டில், மூச்சு எடுக்க ஒரு கணம் தாமதமாகிறது, அந்த அவசரத்தில் மேல் ஸ்வரம் கீச்சென்று உடைகிறது. வாசித்தவர் என்ன செய்கிறார் தெரியுமா, அடுத்த பாரில் அதே ஸ்வரத்தை அதேபோல வேண்டுமென்றே உடைக்கிறார், முதலில் வந்ததும் திட்டம் போட்டு வந்தது மாதிரி ஆகிவிடுகிறது. வேகத்தைப் பாதியாக்கி, ஹெட்ஃபோனில் கேட்டால் முதல் கீச்சுக்கும் இரண்டாவது கீச்சுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். எனக்கு இந்தப் பதிவிலேயே பிடித்த இடம் அது.

அவரும் அதைப் பற்றித்தான் பேசினார். "அந்தக் கீச்சு... ரீட் போயிருந்தது, புதுசு வாங்கக் கையில் காசு இல்லை" என்றார். ரீட் என்பது சாக்ஸின் ஊதுமுனையில் பொருத்தும் நாணல் பட்டை. பாட்டைப் போடுவதற்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும், வேறு சாட்சியே வேண்டாம். ஆனால் ஒரு நிமிஷம் முன்புதான் நான் போனில் போட்டுக் காட்டியிருந்தேன். ஞாபகத்திலிருந்து சொன்னாரா, காதில் விழுந்ததற்குக் காரணம் கண்டுபிடித்தாரா? அவர் பொய் சொன்னார் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. 86 வயதில், 60 வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானத்தைப் பற்றி, ஆசையோடு கேட்கும் ஒருவனிடம் யாரும் அப்படித்தான் பேசுவார்கள்.

இன்னொரு பக்கம் வாத்தியக்காரர்களின் யூனியன் தாள் இருந்தது. பதிவு செஷனுக்கு வந்தவர்கள் பெயர், வாத்தியம், கூலி எல்லாம் அதில் எழுத வேண்டும், குழுத் தலைவருக்கு இரட்டைக் கூலி. அதில் டெனர் சாக்ஸுக்கு எதிரே வேறொருவர் பெயர் இருந்தது, அவர் எப்போதோ காலமாகிவிட்டார். அந்தத் தாள்களை அப்படியே நம்ப முடியாது என்பதும் உண்மைதான். செஷன் முடிந்து பல நாள் கழித்து எழுதுவார்கள், சந்தா கட்டாதவன் வாசித்திருந்தால் கட்டியவன் பெயரில் எழுதுவார்கள். நம் ஆளும் "எனக்கு அப்போது யூனியன் கார்டு இல்லை" என்று சொல்லியிருந்தார், அதுவும் நான் கேட்காமலே.

எங்கள் பதிப்பாசிரியர் மாலைக்குள் முடிவு வேண்டும் என்றார், அச்சுக்குப் போகிறது. தாளில் இருந்த பெயரை முதலில் போட்டேன். பக்கத்தில் "அல்லது" என்று போட்டு இவர் பெயர், அதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி.

அது நியாயமான முடிவு என்று இன்றும் வாதாடுவேன். வெறும் பெருமைக்கான விஷயம் இல்லை இது. 2018இல் அமெரிக்காவில் வந்த சட்டத்துக்குப் பிறகு, 1972க்கு முந்தைய பதிவுகள் இணைய ரேடியோவில் ஒலித்தாலும் பணம் உண்டு, அதில் 5 சதவீதம் பக்கவாத்தியக்காரர்களுக்கும் பின்குரல் பாடியவர்களுக்கும். சின்னத் தொகைதான், ஆனாலும் இவர் பெயரைத் துணிந்து போட்டால் இன்னொருவர் பெயரை அடிக்கிறேன் என்றுதானே அர்த்தம்? அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவரிடம் போன் போட்டுக் கேட்கவும் வழியில்லை.

புக்லெட் போய்ச் சேர்ந்த பிறகு, என்னிடம் போனில் பேசியவரின் மகள் கூப்பிட்டார். அப்பா பூதக்கண்ணாடி வைத்துத் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாராம், அந்தக் குறி என்ன என்று கேட்டாராம். விளக்கியதும் "நான் அங்கே இல்லை என்று யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டாராம். மகள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் யூனியன் தாள், ஆதாரம் என்று நானும் பேசியிருப்பேன்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். இறுதிச் சடங்கில் கொடுக்கும் நினைவு மலரில் வாழ்க்கைக் குறிப்பு போட வேண்டும், அந்தப் பாட்டில் வாசித்தது அப்பாதான் என்று எழுதலாமா என்று மகள் கேட்டார். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "தாராளமாக எழுதுங்கள்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? துக்க வீட்டில் வேறு என்ன சொல்வது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது இரக்கத்தில் வந்த பதில் மாதிரி எனக்குத் தோன்றவில்லை. சொன்னபோது நான் நம்பித்தான் சொன்னேன். அப்படியானால் அச்சில் போட்ட கேள்விக்குறி யாருக்காக? உயிரோடிருந்து பார்க்கும்போது சந்தேகம், போன பிறகு நிச்சயமா? இல்லை, அச்சில் போட்டதுதான் சரி, போனில் சொன்னதுதான் தப்பு என்றும் சில நாள் தோன்றுகிறது.

போன மாதம் ஒரு சேகரிப்பாளர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார், மிகக் கவனமான மனிதர், எனக்குப் பல தடவை உதவியவர். அடுத்த பதிப்பில் கேள்விக்குறியை எடுத்துவிடலாம், உறுதியான ஆதாரம் கிடைத்துவிட்டது என்று எழுதி, ஒரு ஸ்கேனை இணைத்திருந்தார். அந்த நினைவு மலர்தான். அட்டையில் சாக்ஸோடு இளவயதுப் படம், உள்ளே இரண்டாவது பத்தியில் பாட்டின் பெயர், வருஷம், "டெனர் சாக்ஸ் சோலோ" என்று தெளிவாக.

எங்கிருந்து வந்தது அந்த வரி என்று அவருக்குச் சொல்ல வேண்டும். மூன்று முறை எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். சொன்னால் அந்த வரிக்கு மதிப்பு போய்விடும், சொல்லாவிட்டால் என் வேலைக்கு மதிப்பில்லை. நேற்றும் பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமல், அந்த மூன்றாவது பாரைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.