கத்துகிற எரர் நல்ல எரர்

"தம்பி, வெள்ளன வந்த பிள்ளையளுக்கெல்லாம் ஆப்சன்ட் விழுந்திருக்கு. பிந்தி வந்தவை எல்லாரும் பிரசன்ட். உம்மட புரோகிராமுக்கு என்ன நடந்தது?"

காலை ஏழு மணிக்கு, தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை, இப்படி ஒரு போன். கதைத்தவர் கொக்குவில் பக்கம் ரியூசன் சென்ரர் நடத்தும் ஒரு சேர். அவருக்கு ஜாங்கோவில் (பைத்தன் மொழியில் இணையத்தளம் கட்டுகிற கருவி) ஒரு வரவுப் பதிவு புரோகிராம் செய்து கொடுத்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. நான் சோதித்தது எல்லாம் பின்னேரத்தில், என் லப்டொப்பில். ஒரு பிழையும் காணவில்லை.

சேர் பகிடி விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். திறந்து பார்த்தால் உண்மை. 5.20க்கு வந்த பிள்ளை நேற்றைய திகதியில் கிடக்கிறாள், 5.40க்கு ஓடி வந்தவன் இன்றைய திகதியில் நிற்கிறான். எல்லை சரியாக 5.30. அந்த எண்ணைக் கண்ட உடனே விளங்கிவிட்டது, வெட்கமாகவும் போய்விட்டது. நாங்கள் உலகப் பொது நேரமான யூடிசிக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்கிறோம். இங்கே விடிய 5.30 ஆகும்போதுதான் அங்கே நாள் மாறும்.

செட்டிங்ஸில் டைம் சோனை ஆசியா/கொழும்பு என்று மாற்றித்தான் வைத்திருந்தேன், அதுதான் ஏமாற்றியது. ஜாங்கோவின் 'டைம்சோன் டொட் நவ்' அந்த செட்டிங்கைப் பார்க்காமல் யூடிசியில்தான் நேரம் தரும், அதிலிருந்து நேரே திகதியை எடுத்தால் யூடிசி திகதிதான் வரும். எடுக்க வேண்டியது 'லோக்கல்டேட்'. ஒரு சொல் வித்தியாசம். இதற்காக ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டி எழுதுகிற ஆட்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். 1996இல் நேரத்தை முன்னுக்குத் தள்ளி, 2006 ஏப்ரலில் திரும்ப 5.30க்குக் கொண்டுவந்த நாடு இது. பழைய பதிவுகளோடு வேலை செய்தால் கையால் கூட்டிய கணக்கு எங்கேயோ போய் நிற்கும். ஆசியா/கொழும்பு என்று பெயரால் சொன்னால் அந்த மாற்றமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் பிழைகளை இரண்டாகத்தான் பார்க்கிறேன்: பிழைச் செய்தி போட்டுக் கத்துகிறவை, கத்தாமல் பிழையான விடையைத் தருகிறவை.

கத்துகிறவற்றுக்குப் பயப்படத் தேவையில்லை. நாற்பது வரி ட்ரேஸ்பேக் (பிழை எந்த வழியால் வந்தது என்று பைத்தன் தரும் பட்டியல்) வந்து விழுந்தால் புதிதாகப் பழகுகிற தம்பிமார் மேலிருந்து வாசிக்கத் தொடங்கி மூன்றாவது வரியில் களைத்துப் போய் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்சப்பில் போடுவார்கள், அதிலும் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கும். கடைசி வரியில்தான் விசயமே இருக்கிறது. அதை வாசித்துவிட்டு மேலே போகும்போது உங்கள் சொந்த ஃபைலின் பெயர் முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள், அனேகமாக அங்கேதான் கை வைக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த கத்துகிற எரர் ஒன்று இருக்கிறது. சேரின் பழைய மாணவர் பட்டியலை விண்டோஸ் கணினியில் ஏற்றும்போது வந்தது: 'சார்மேப்' என்று தொடங்கி, 0எக்ஸ்8டி என்ற பைட்டை வாசிக்க முடியாது என்று நின்றது. ஃபைலில் முதல் சொல் யாழ்ப்பாணம், நின்ற இடம் 11 (பூச்சியத்திலிருந்து எண்ணும் பைட் கணக்கு). யூனிகோட் எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், புள்ளியின் கடைசி பைட்தான் இந்த 8டி. விண்டோஸின் பழைய 1252 குறியீட்டில் அந்த எண்ணுக்கு எழுத்தே கிடையாது. யா கடந்து, ழ கடந்து, அதன் தலையில் இருந்த புள்ளியில் தடக்கி விழுந்திருக்கிறது. ஃபைலைத் திறக்கும் இடத்தில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று ஒரு சொல் சேர்த்தால் முடிந்தது. லினக்ஸ் சேர்வரில் இது அனேகமாக வரவே வராது, அதனால்தான் 'எனக்கு ஓடுது, உனக்கு ஏன் ஓடேல்லை' என்று சண்டை பிடிக்கிறோம்.

மற்றவை எல்லாருக்கும் வருபவை. சேர்வரில் போட்டதும் 400 என்று வந்தால் அலவ்ட் ஹோஸ்ட்ஸ் என்ற செட்டிங்கில் உங்கள் டொமைன் பெயர் இல்லை. படம், நிறம் எல்லாம் போய்ப் பக்கம் மொட்டையாக நின்றால், டீபக்கை (பிழை விபரத்தைப் பக்கத்திலேயே காட்டுகிற செட்டிங்) நிறுத்தியதும் படம், ஸ்டைல் போன்ற ஸ்டேட்டிக் ஃபைல்களைக் கொடுக்கிற வேலையை ஜாங்கோ விட்டுவிட்டது, கலெக்ட்ஸ்டேட்டிக் கட்டளையை ஓட்டி, முன்னால் நிற்கிற வெப் சேர்வரான என்ஜின்எக்ஸிடமோ வைட்நொய்ஸ் என்ற பைத்தன் பொதியிடமோ அதைக் கொடுக்க வேண்டும். 502 என்றால் என்ஜின்எக்ஸைத் திட்டாதீர்கள், அது பின்னால் ஆளில்லை என்று சொல்கிறது, பின்னால் ஜாங்கோவை ஓட்டுகிற ஜி-யூனிகோர்ன் செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். இன்ஸ்டால் செய்த மொட்யூலையே இல்லை என்றால் வேறு பைத்தனில் இன்ஸ்டால் செய்திருக்கிறீர்கள். கோட் மாற்றியும் மாறவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்ய மறந்திருக்கிறீர்கள் (நான் இதற்காக ஒரு முழுப் பின்னேரம் இழந்திருக்கிறேன், ஆருக்கும் சொல்லவில்லை).

ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். டீபக்கை நிறுத்திய ஜாங்கோவில் 500 எரர் வந்தால், லொகிங் (நடந்ததைப் பதிந்து வைக்கிற செட்டிங்) எதுவும் எழுதாமல் விட்டால், ட்ரேஸ்பேக் கொன்சோலுக்கு வராது. அட்மின்களுக்கு மின்னஞ்சல் அனுப்பத்தான் பார்க்கும், அட்மின் பட்டியலும் வெறுமையாக இருந்தால் அதுவும் இல்லை. கத்துகிற எரரின் வாயை நாங்களே பொத்திவிட்டு லொக்கில் ஒன்றும் இல்லையே என்று தேடுவோம். அதற்காக மக்கள் பாவிக்கிற சேர்வரில் டீபக்கைத் திரும்பப் போடாதீர்கள், உங்கள் கோடும் செட்டிங்ஸும் வாறவன் போறவனுக்கெல்லாம் தெரியும். லொகிங் செட்டிங்கில் கொன்சோல் ஹேண்ட்லர் ஒன்றைச் சேர்த்தால் போதும்.

சரி, கத்தாதவை. நேரப் பிழையைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு சேர் சொன்னார், கொக்குவில் என்று தேடினால் பாதிப் பிள்ளையள்தான் வருகினம் என்று. பட்டியலில் கண்ணுக்கு முன்னால் எல்லாருக்கும் கொக்குவில் என்றுதான் இருக்கிறது. இரண்டு பேருடையதை எடுத்து, எத்தனை குறி என்று எண்ணுகிற 'லென்' போட்டுப் பார்த்தேன். ஒன்று 10, மற்றது 11.

எங்கள் ஊரில் பாதி அலுவலகங்கள் இன்னும் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்யும். அதில் கொ என்பது ஒற்றைக் கொம்பு, க, அரவு என்று மூன்று துண்டு. சேரின் கிளார்க் பாமினிப் பட்டியலை ஏதோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கியிருக்கிறார், அது கொம்பையும் அரவையும் சேர்க்காமல் துண்டு துண்டாகவே விட்டுவிட்டது. போனில் அடித்த பெயர்களில் இரண்டும் சேர்ந்த ஒரே குறி. பார்க்க ஒன்று, கணினிக்கு வேறு வேறு. கோண்டாவில், கோப்பாய் எல்லாம் இதே கதை. ஏற்கெனவே இருந்தவற்றையும், இனிச் சேமிக்கும்போதும் தேடும்போதும், துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கிற என்எஃப்சி வடிவத்துக்கு நோர்மலைஸ் செய்தேன், எல்லாப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்.

தலைப்பிலிருந்து இணைய முகவரி செய்து தருகிற ஜாங்கோவின் ஸ்லக்கிஃபை இன்னொரு கள்ளன். யூனிகோடை அனுமதி என்று சொல்லிக் கொடுத்தாலும் 'யாழ்ப்பாணம்' என்பதை 'யழபபணம' என்று தரும். புள்ளியும் அரவும் எழுத்தல்ல என்று பைத்தனில் எழுத்துகளைத் தேடிப் பிடிக்கிற ரெஜெக்ஸ் நினைக்கிறது, அதனால் சத்தமில்லாமல் கழற்றிவிடுகிறது. நான் தமிழ்த் தலைப்புகளுக்கு அதைப் பாவிப்பதையே விட்டுவிட்டு முகவரியில் எண்ணைப் போடுகிறேன்.

வரவுப் பதிவின் பழைய பிழைத் திகதிகளையும் திருத்திக் கொடுத்தேன். வந்த நேரம் தனியாகச் சரியாகப் பதிந்திருந்தபடியால் அதிலிருந்து கொழும்பு நேரத்துத் திகதியைத் திரும்பக் கணக்கிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதுமாக இருந்தது. சேர் அச்சடித்துத் தரச் சொன்னார். மேசைக்குள்ளிருந்து ஒரு சீஆர் கொப்பியை எடுத்தார், அதில் முதல் நாளிலிருந்தே எல்லா வரவும் நீல மையில் இருந்தது. ஒவ்வொரு பெயராகச் சரி போட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப ஓகே தம்பி" என்று சொல்லி, அன்றைய வரவையும் கொப்பியில் எழுதத் தொடங்கினார்.